மீதி யானை

பையனை எல்கேஜியில் சேர்க்க, பள்ளிக்கூட வரவேற்பறையில் காத்திருக்கிறேன். அவன் மடியில் மிருகப் படப் புத்தகம். பொத்தானை அழுத்தினால் சிங்கம் கர்ஜிக்கும், பசு கத்தும், ஒட்டகச்சிவிங்கிகூட ஏதோ சத்தம் போடும். ஒட்டகச்சிவிங்கி எப்படிக் கத்தும் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. சீனாவில் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

புதுத்தாள் வாசனை மூக்கில் ஏறியதும் அப்பாவின் அச்சகம் ஞாபகம் வந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சின்ன அச்சகம். மஞ்சளும் சிவப்பும் தவிர வேறு மை அங்கே அதிகம் புழங்காது. சின்ன வயதில் எனக்கும் இதே பள்ளியில்தான் இன்டர்வியூ. மிருகப் படம் காட்டிப் பெயர் கேட்பார்கள் என்று அப்பாவுக்குத் துப்பு கிடைத்தது. கடையில் ஒரு புத்தகம் வாங்கியிருக்கலாம். ஆனால் அச்சகம் வைத்திருப்பவர் போய் வாங்குவாரா? கௌரவம் என்னாவது? தானே புத்தகம் போடக் கிளம்பிவிட்டார்.

படம் போட்டது அவருடைய சிநேகிதர் ஏழுமலை மாமா. பட்டுப் புடவைக் கரைக்கு டிசைன் வரைகிறவர். "மிருகந்தானே? தினம் அதத்தான்பா வரஞ்சிக்கினு இருக்கேன்" என்றாராம். புடவைக் கரையில் யானை ஒற்றையாக வராது; எதிரெதிரே இரண்டாகத்தான் நிற்கும். ஒரு பாதியை வரைந்து, அதையே திருப்பிப் போட்டால் மறுபாதி. பழகிய கை சும்மா இருக்குமா? யானை இரண்டு, மான் இரண்டு. கழுதைகூட ஜோடியாக, மூக்கோடு மூக்கு வைத்துக் கல்யாணக் கோலத்தில் நின்றது. சிங்கத்துக்குப் பதில் தும்பிக்கையோடு ஒரு யாளி. பூனையின் முதுகெல்லாம் மாங்காய் டிசைன். அப்பா பூரித்துப்போய்க் கட்டுக்கட்டாக அச்சடித்துவிட்டார். நானோ ஒன்றைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவேன். அவ்வளவு ஆசை.

கோயில் யானையைப் பார்த்ததில்லையா என்று கேட்காதீர்கள். அது வந்தாலே அப்பாவின் தோளில் முகம் புதைத்துக்கொள்ளும் வீராங்கனை நான்.

இன்டர்வியூவில் மிஸ் ஒரு யானைப் படத்தை நீட்டினார். "வாட் இஸ் திஸ்?"

"அர யானை."

"என்னம்மா?"

"மீதி யானை எங்க மிஸ்?"

அடுத்து சிங்கம். "தும்பிக்கைய யாரு மிஸ் வெட்டுனாங்க?" என்று கேட்டு அழுதேனாம்.

கண் டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். அப்பா விடவில்லை. "கொழந்த சொன்னதுல என்னாங்க தப்பு? கோயில் தூணப் போயி பாருங்க, தும்பிக்கையோடதான் இருக்குது!"

"கோயில் வேற, ஸ்கூல் வேற சார்."

சீட் இல்லை. அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "நானே கெடுத்துட்டேன்மா" என்றார். மிச்சமிருந்த புத்தகங்கள் எல்லாம் பத்திரிகைக் கட்டுகளுக்கு உறையாகப் போயின. எனக்காக ஒரு மனிதர் உலகத்து மிருகங்களையெல்லாம் அச்சடித்தார்.

இந்தப் பள்ளிக்கு இப்போது பாரம்பரியத்தில் ஞானோதயம் வந்திருக்கிறது. வாசலில் யாளி பொம்மை. வரவேற்பறைச் சுவர் முழுக்க, பட்டுக்கரையில் இருப்பதுபோல் எதிரெதிரே யானைகள், மஞ்சளும் சிவப்புமாக. பெற்றோர் அதன் முன் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். அப்பா இல்லை, ஏழுமலை மாமா இல்லை, அந்தப் புத்தகத்தில் ஒரு பிரதிகூட இல்லை.

பையனைக் கூப்பிட்டார்கள். மிஸ் படத்தைக் காட்டியதும், பொத்தானை அழுத்தியதுபோல் "எலிஃபண்ட்" என்றான். சீட் கிடைத்துவிட்டது.

வெளியே வரும்போது சுவரைக் காட்டி, "அது என்னடா?" என்று கேட்டேன்.

"டிசைன்மா" என்றான்.