மலை ஏறாமல் பதுளைக்குத் திரும்பினோம்: முதுகு ஊசிக்குப் பின் வந்த காய்ச்சல்

நமுனுகுல மலை ஏறத்தான் பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை பண்டாரவளையிலிருந்து கிளம்பினேன். அப்போது மழை குறைவு, பாதை அவ்வளவாக வழுக்காது. அடிவாரத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் பெரியம்மா மகள் செல்வி அக்காவையும் பார்க்க வேண்டியிருந்தது. தீராத முதுகுவலிக்காக இரண்டு வாரத்துக்கு முன் முதுகெலும்பு மூட்டில் ஸ்டீரொய்ட் ஊசி போட்டிருந்தார். போட்டுக்கொள்ளச் சொன்னவனே நான்தான். போன வருடம் எனக்கு அது நன்றாகக் கேட்டிருந்தது.

காலை 6.15 பஸ்ஸில் பதுளைக்கு ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து பசறை வழியாக நமுனுகுலவுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். (ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள்.) ஒன்பதரைக்கு அக்காவின் தோட்ட வரிசை வீடான லயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அக்கா சுருண்டு படுத்திருந்தார். "ஒரு வாரம் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. இப்ப முன்னவிட மோசமா குத்துது."

அவர் கணவர் ராசு மச்சான் பெனடோல் மாத்திரை அட்டையைக் காட்டினார். "மூணு நாளா காய்ச்சல். இதக் குடுத்தா வுடுது, பெறகு வருது."

எனக்கு ஊசி போட்ட அன்றே என் டாக்டர் சொல்லியிருந்தார்: காய்ச்சல் வந்தாலோ வலி நாளுக்கு நாள் கூடினாலோ உடனே வர வேண்டும், மூட்டுக்குள் கிருமி போயிருக்கலாம், சீனி வியாதிக்காரருக்கு ஆபத்து அதிகம். அக்காவுக்கு ஐந்து வருடமாகச் சீனி. ஊசியின் நன்மையைச் சொன்ன நான் இதைச் சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்த அறிவுரைத் தாளோ சிங்களத்தில் இருந்தது.

"திங்கக்கெழம பாப்பமே," என்றார் அக்கா.

"இல்லக்கா. இப்பவே போறோம்."

அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்ததால் நிஸாம் நானாவின் ஆட்டோவைப் பிடித்தோம். பதுளை ஆஸ்பத்திரிக்கு 31 கிலோமீட்டர், 4,000 ரூபாய். "குலுங்காம போனா நேரம் எடுக்கும், பரவாயில்லயா?" என்று நானா கேட்டார். "வேகமாவே போங்க. நான் பல்லக் கடிச்சுக்கிறேன்," என்றார் அக்கா. எழுபது நிமிடத்தில் சேர்ந்தோம்.

இரத்தப் பரிசோதனை, பிறகு ஸ்கேன். மூட்டுக்குள் சீழ். "சுத்தமா போட்டாலும் அபூர்வமா இப்படி வரும்," என்றார் டாக்டரம்மா. "இன்னும் விட்டிருந்தா கால் நரம்பு பாதிச்சிருக்கும். இப்ப மருந்துலயே சுகமாக்கலாம்."

"நான்தான்க்கா சொல்லாம விட்டுட்டேன்," என்றேன்.

"இன்னைக்கு சொன்னியே," என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆறு வாரம் அன்டிபயோடிக் சிகிச்சை. அக்கா தன் காலாலேயே நடந்து வீடு வந்தார்.

முதுகு ஊசி போட்டவர்கள் முதல் சில வாரங்களுக்கு ஆஸ்பத்திரி தூரமான இடத்துக்குப் பயணம் வைக்காதீர்கள். சீனி வியாதி, ஆறாத புண், வேறு ஏதும் தொற்று இருந்தால் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். அறிவுரையைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, கால் மரத்துப்போவது, சிறுநீர் போக முடியாமை, இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி.

ஏப்ரலில் மறுபடி போனபோது பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெண் அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "அப்ப அந்த ஊசி எனக்கு வேணாம்தானே?"

"ஏன் வேணாம்? டாக்டர் சொன்னா போட்டுக்க. காய்ச்சல் வந்தா மட்டும் ஒரு நாளும் பொறுக்காத. எனக்குச் சொல்லு, நானே கூட்டிட்டுப் போறேன்."