சம்மனசுகளுக்கு முகம் வரவில்லை

ஆகஸ்ட் கடைசியில், பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் இன்னமும் இறைச்சி வாட்டும் புகை எழும்பிக்கொண்டிருக்கும்போதே எங்கள் வீட்டில் ஒக்டோபர் தொடங்கிவிடும். லண்டன் வால்தம்ஸ்டோவில் சின்ன வீடு. அதில் நான் பேய் செய்கிறேன். சூனியக்காரியின் தலை, எலும்புக் கை, வாய் கிழிந்த பூசணி, முகமூடி எல்லாமே காகிதத்தில். ஹலோவீனுக்கு வாசலில் வைக்கவும் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கவிடவும் ஆட்கள் வாங்குவார்கள். இதைத் தொழில் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். பொழுதுபோக்கு என்று அவர்கள் சொன்னால் எனக்குக் கோபம் வரும். கிழமை நாட்களில் ஒரு பாடசாலையில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு பரிமாறுகிறேன். எல்லோருக்கும் என் வேலை என்றால் அதுதான்.

செய்முறையில் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. கம்பியை வளைத்தால் எலும்பு. அதன்மேல் பழைய பேப்பரைக் கிழித்து, கோதுமை மாப் பசையில் தோய்த்து, படை படையாக ஒட்டினால் தசை. முட்டைப் பெட்டியின் குழிகளை வெட்டினால் கண் இமை. பேப்பருக்குப் பஞ்சமில்லை. என் கணவர் பஸ் ஓட்டுகிறார். இருக்கைகளில் ஆட்கள் விட்டுப்போவதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வருவார். பஞ்சம் வெயிலுக்குத்தான். ஒரு படை காயாமல் அடுத்த படையை ஒட்டினால் உள்ளே பூஞ்சணம் பிடித்து மூக்கு ஒரு பக்கம் சரிந்துவிடும். இந்த ஊர் செப்டம்பரில் துவாயே காயாது, சூனியக்காரியின் தாடை எப்படிக் காயும்? வீட்டில் உலர்ந்த இடம் என்றால் சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கும் அலுமாரி மட்டும்தான். அதற்குள் உடுப்புகளுக்கு மேலே முகங்களையும் கைகளையும் அடுக்கி வைப்பேன். விடியற்காலை ஷிப்டுக்குச் சட்டை எடுக்கப் போன கணவர் ஒருநாள் கத்தினார்.

“இஞ்ச பாரும்! என்ர சேட்டுக்கு மேல ஆற்றையோ கை கிடக்குது.”

“தொடாதேங்கோ, விரல் இன்னும் ஈரம்.”

“நான் ஆரைக் கட்டினனான்!” என்று முணுமுணுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஹலோவீன் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. அந்த முதல் இலையுதிர்காலத்தில் ஒரு பின்னேரம் கடையிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டு வேலிச் செடியின்மேல் ஓர் உடல் கிடந்தது. தலை கீழே தொங்க, சட்டை முழுக்க ரத்தம். என் கையிலிருந்த பை விழுந்து பால் தெருவில் ஓடியது. அந்த வழியால் வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, “பிளாஸ்டிக் தான், பிளாஸ்டிக் தான்” என்று சொல்லி, அந்த உடலின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். நான் மன்னாரிலிருந்து வந்தவள். அப்படிக் கிடந்தவர்களை அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். அவர்கள் பிளாஸ்டிக் இல்லை.

அதனால்தான் என் பேய்களில் ரத்தம் இருக்காது. மகள் சின்ன வகுப்பில் இருந்தபோது அவளுக்காக ஒரு முகமூடி செய்தேன். அதைப் பார்த்த வேறொரு தாய் தன் பிள்ளைக்கும் கேட்டார். அப்படியே வளர்ந்து, ஒக்டோபர் சனிக்கிழமைகளில் சந்தையில் ஒரு ஸ்டோல், மேசை வைத்துச் சின்னக் கடை, போடும் அளவுக்கு வந்தது. அந்த நாளிலிருந்து இன்றுவரை ரத்தம் இல்லை. வெட்டுக்காயம் இல்லை. வருகிறவர்கள் எல்லாவற்றையும் எடுத்துப் பார்ப்பார்கள், நன்றாக இருக்கிறது என்பார்கள், பிறகு கொஞ்சம் ரத்தம் பூசித் தர முடியுமா என்று கேட்பார்கள். ஒவ்வொரு வருடமும் சிரித்தபடி இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

என் முகங்கள் வேறு இடத்திலிருந்து வருகின்றன. வேலை முடிந்து பஸ்ஸில் தூங்குகிறவர்களின் திறந்த வாய். சந்தையில் வெங்காயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் கிழவரின் தாடை. இன்னும் பழையது ஒன்றும் உண்டு. சின்ன வயதில் எங்கள் மாதா கோயிலில் உத்தரிக்கிற ஸ்தலத்தின் படம் ஒன்று இருந்தது. மோட்சமும் கிடைக்காமல் நரகத்துக்கும் போகாமல் நெருப்புக்குள் காத்து நிற்கும் ஆத்துமாக்கள், மேலே பார்த்தபடி. பூசை முழுக்க நான் பீடத்தைப் பார்த்ததில்லை, அவர்களைத்தான் பார்ப்பேன்.

போன வருடம் செப்டம்பரில், தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வரும்போது, எங்கள் கோயில் பங்கின் தமிழ்ச் சபையை நடத்தும் அக்கா என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். அவரைக் கேட்காமல் எங்கள் பங்கில் ஒரு பூச்சாடி கூட இடம் மாறாது.

“தங்கச்சி, இந்த முறை ஹலோவீன் அண்டைக்குக் கோயில் ஹோலில பிள்ளையளுக்கு ஒரு விழா வைக்கிறம். பேய் வேசம் இல்லை. எல்லாரும் புனிதர் வேசத்தில வருவினம். நீர் கைவேலை தெரிஞ்ச ஆள். மேடைக்குப் பின்னால தொங்கவிட நாலு சம்மனசு செய்து தாரும்.”

சம்மனசு என்று எங்கள் வேதக்காரர் சொல்வது தேவதூதரை. நான் தலையாட்டினேன். அக்கா என் கையை விடவில்லை.

“அதோட, அந்த ஸ்டோலையும் இந்த முறை விடுமன். கோயிலுக்கு வாற ஆள் பேய் விக்கிறது ஒரு மாதிரி இருக்கெண்டு சனம் கதைக்குது.”

“ஆர் அக்கா கதைக்கினம்?”

“பொதுவாத்தான்.”

“சம்மனசு செய்து தாறன். ஸ்டோலை விட ஏலாது, அக்கா.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னை வீடு வரைக்கும் அரித்துக்கொண்டிருந்தது.

வேலை குவிந்து கிடக்கிற மாதம் அது. ஆனாலும் சம்மனசுகளைத்தான் முதலில் எடுத்தேன். ரோஷம்தான், வேறென்ன. இறகுகள் சுலபமாக வந்தன. அங்கியின் மடிப்புகள் வந்தன. முகம் மட்டும் வரவில்லை. கன்னத்தை உருட்டினால் கடைப் பொம்மை. கொஞ்சம் ஒடுக்கினால் நோயாளி. கண்ணை மேலே பார்க்க வைத்தால் ஏதோ வலியில் துடிக்கிற மாதிரி. ஒட்டியதை உரித்தேன், திரும்ப ஒட்டினேன், திரும்பவும் உரித்தேன்.

கணவர் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்று பார்த்தார். “இது ஏன் அழுற மாதிரி இருக்கு?”

மகள் தன் அறையிலிருந்து எட்டிப்பார்த்து, “அம்மா, சீரியஸ்லி, அது வாம்பயர்,” என்றாள்.

நத்தாருக்கு, கிறிஸ்மஸுக்கு, வந்த பழைய வாழ்த்து அட்டைகளைத் தேடி எடுத்து மேசையில் பரப்பினேன். அதிலிருந்த சம்மனசுகளுக்கெல்லாம் சவர்க்கார விளம்பரத்து முகம். யாரையும் ஒருநாளும் இழக்காத முகம். அப்படி ஒன்றைச் செய்ய என் கைக்குத் தெரியவில்லை. தெரியாததை ஒப்புக்கொள்ளவும் மனமில்லை. இத்தனை வருடம் பேய்க்கு முகம் கொடுத்தவள், ஒரு சிரிக்கிற முகத்துக்கு இப்படி நாள்கணக்காக மல்லுக்கட்டுகிறேனே என்று என் மேலேயே எரிச்சல். அந்த எரிச்சலில் கறிக்கு உப்புப் போட மறந்து, அதற்கும் வீட்டில் பேச்சு வாங்கினேன்.

பாடசாலையிலிருந்து வரும் வழியில் ஒரு பழைய சேமக்காலை, கல்லறைத் தோட்டம், உண்டு. தினமும் அதன் மதிலோரமாக நடக்கிறவள், ஒருநாள் மழைக்கு ஒதுங்க உள்ளே போனேன். கல்லறைகளின் மேலே கல் சம்மனசுகள். எத்தனையோ குளிர்காலம் கண்டு மூக்கு தேய்ந்து, கண்ணில் பாசி பிடித்து, ஒன்றுக்குக் கைவிரல் இல்லை. ஒவ்வொன்றும் தன் கீழே படுத்திருப்பவரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவை சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. வேறு போக்கிடம் இல்லாத மாதிரி அங்கேயே நின்றன. மழை விட்ட பிறகும் நான் வெளியே வரவில்லை.

அன்றைக்கே நான்கு முகங்களையும் உரித்தெறிந்துவிட்டு புதிதாகத் தொடங்கினேன். மூக்கை மழுக்கினேன். கண்ணை மூடாமல், திறக்காமல், பாதியில் விட்டேன். பக்கத்து வீட்டார் இறைச்சி வாட்டிய அடுப்பின் சாம்பலை வாங்கிப் பெயின்டில் கலந்து கல்லின் நிறத்தைக் கொண்டுவந்தேன். வெளியே வைக்கிற சாமான்களுக்கு வார்னிஷ் பூசுவது வழக்கம். இவை ஹோலுக்குள் தொங்கப் போகின்றன, வார்னிஷ் பூசினால் மினுங்கிக் கல்லின் தன்மை போய்விடும் என்று அப்படியே விட்டேன். நான் செய்தவற்றில் இவைதான் சிறந்தவை. அப்போதே எனக்குத் தெரிந்தது. கணவர் ஒவ்வொன்றாகக் கிட்டப்போய்ப் பார்த்தார். பிறகு, “பின் சீட்டை மடிச்சுவிடுறன், காருக்குள்ள நசியாமக் கொண்டுபோவம்,” என்றார்.

விழா நாள் பின்னேரம் ஹோலுக்குக் கொண்டுபோனோம். அக்கா ஏணியில் நின்று தங்க நிற பலூன் கட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் சம்மனசுகளை மேடையில் வரிசையாக நிறுத்தினோம். அவர் ஏணியிலிருந்து இறங்கவேயில்லை.

“உதென்ன தங்கச்சி, பேய் மாதிரி?”

“சேமக்காலைச் சம்மனசு, அக்கா. இஞ்சத்தையச் சேமக்காலையில இப்பிடித்தான் நிக்குது.”

“பிள்ளையள் பயந்து போவினம். நான் கேட்டது வடிவான சம்மனசு.”

“இது வடிவில்லையோ?”

அவர் அடுத்த பலூனை எடுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரங்கியவர் போல, “மினக்கெட்டுச் செய்திருக்கிறீர், அது தெரியுது. இப்போதைக்குச் சாமான் அறையில வையும்,” என்றார்.

கதிரைகள் அடுக்கியிருந்த அறையில் அவற்றைச் சுவரோடு சாத்தி வைத்துவிட்டு வெளியே வந்தேன். குட்டிப் புனிதர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அட்டை வாள், படுக்கை விரிப்பில் வெட்டிய அங்கி. மேடைக்குப் பின்னால் பலூன்கள். யாரோ எனக்கு ஒரு ரோல்ஸும் பிளேன்டீயும் தந்தார்கள். அதை ஒரு கதிரையில் வைத்தேன். திரும்ப அந்த அறைக்குள் போய் நான்கையும் ஒவ்வொன்றாகத் தூக்கினேன். கணவர் கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும், வந்த கோபத்தில் நான்கையும் முன் முற்றத்தில் நிறுத்தினேன். கோயிலுக்கு ஆகாதவை ஹலோவீனுக்காவது ஆகட்டும் என்று. மகள் இனிப்புக் கூடையோடு வாசலில் நின்றாள். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். எலும்புக்கூடு வேசம் போட்ட ஒரு தமிழ்ப் பொடிச்சி சம்மனசுகளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு என்னிடம், “ஆன்டி, உங்கட வீடு மட்டும் ஸ்கேரியா இல்லை,” என்றாள்.

“பயமா இல்லையோ?”

“இல்லை. பாவமா இருக்கு.”

இனிப்பை எடுத்துக்கொண்டு, ரத்தம் சொட்டும் பிளாஸ்டிக் தலைகள் தொங்கிய எதிர் வீட்டுக்கு ஓடிவிட்டாள். நான் உள்ளே போய் அறைக் கதவைச் சாத்தினேன். அந்த நான்கையும் உள்ளே எடுக்க வேண்டும் என்று மகள் சொன்னது காதில் விழுந்தது. “கிடக்கட்டும்,” என்றேன். பிறகு மழை தொடங்கியது.

அடுத்த நாள் பின்னேரம் அக்கா எனக்குப் போன் எடுத்தார். குரலில் வழக்கமான அதிகாரம் இல்லை.

“தங்கச்சி, நாளைக்கு இறந்த ஆத்துமாக்களின்ர பூசையெல்லே. அந்தச் சம்மனசு நாலையும் பீடத்துக்குக் கிட்ட வைப்பமெண்டு பாக்கிறம்.”

அவரே தொடர்ந்தார். ஹோலில் கதிரை அடுக்குகிற ஐயா, மனைவியை இழந்தவர், நான் தூக்கிக்கொண்டு போகும் முன்பு சாமான் அறையில் அவற்றைக் கண்டிருக்கிறார். அதில் ஒன்றின் முகம், ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் தன் மனைவியின் முகம் இருந்த மாதிரியே இருந்ததாம். இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று கேட்டாராம்.

“இதை ஏன் நேற்றைக்கே ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை, அக்கா?”

“அவர் இண்டைக்குத்தான் எனக்கே சொன்னவர்.”

“அவை இப்ப இல்லை. மழையில ஊறிப்போச்சு.”

“நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள ஒண்டாவது செய்ய ஏலாதே?” என்றார்.

ஏலாது என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒரு படை காய எத்தனை நாள் எடுக்கும் என்று அவருக்குச் சொல்லி என்ன பயன்? முற்றத்துக்குப் போய்ப் பார்த்தேன். தலைகள் மார்பில் கவிழ்ந்து, சாம்பல் நிறம் படிக்கட்டு வரை வழிந்திருந்தது. கையால் தொட்டதும் முகம் களியாகப் பிதுங்கியது. கம்பிகளை மட்டும் உருவி எடுத்துவிட்டு மிச்சத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். ஆத்திரத்தில் அழுகைகூட ஒழுங்காக வரவில்லை. அக்காமேல் கோபம், மழைமேல் கோபம், உள்ளே எடுத்து வைக்காத என்மேல் எல்லாவற்றையும்விடக் கூடக் கோபம். அந்த ஐயாவை எனக்குப் பழக்கமில்லை. எந்த முகத்தைப் பார்த்தார் என்பதும் தெரியாது. நான்கு முகமும் ஒன்றுபோல் இல்லை.

அந்த நவம்பரில் யாரும் கேட்காமலே ஒன்றைத் திரும்பத் தொடங்கினேன். அதே கம்பி, அதே சாம்பல். இந்த முறை, நான் கண்டிராத அந்த ஐயாவின் மனைவியை நினைத்துக்கொண்டு செய்வதாலோ என்னவோ, முகம் சரியாக வருவதில்லை. மிகவும் இரங்குகிறது, மிகவும் தெரிந்தவள் போல் பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் உரித்துவிடுகிறேன். போன கிழமையும் உரித்தேன். கணவர் அலுமாரியைத் திறந்து, “இன்னும் இது முடியேல்லையோ?” என்றார். “இல்லை,” என்றேன். சட்டையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.