அடுப்பை அணைத்த பிறகு

பழுது பார்க்கும் அந்த மையத்தில் அவளுக்கு ‘செஞ்சுகாட்டு அக்கா’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் அது அவள் காதுக்கு எட்டி, அவளுக்கே பிடித்துப்போய், இப்போது தொலைபேசியில் யார் பேசுவது என்று கேட்டால் சில நாள் அவளே அப்படிச் சொல்லிக்கொள்கிறாள். வீட்டுச் சாமான்கள் விற்கும் ஒரு நிறுவனத்தின் சேவை மையம் அது. மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், மின்சார அடுப்பு என்று எது மக்கர் பண்ணினாலும் கடைசியில் அவள் மேஜைக்கு வந்து சேரும். கூடவே அதன் சொந்தக்காரரும் வருவார். பாதிப் பேர் கோபமாக வருவார்கள், மீதிப் பேர் வெட்கப்பட்டுக்கொண்டு.

அந்த வெட்கத்தைத்தான் அவளால் தாங்க முடியாது. கோபப்படுகிறவர்களோடு அவளுக்குத் தகராறே கிடையாது. நான்தான் ஏதோ தப்பாக அமுக்கிவிட்டேன் போல என்று குரலைத் தாழ்த்துகிறவர்களைக் கண்டால் சுர்ரென்று கோபம் ஏறும்.

“காசு குடுத்து சாமானை வாங்கினீங்க, சரி. தப்பை ஏன் இலவசமா வாங்கிக்கிறீங்க?” என்பாள்.

பிறகு சாமானை அவர்கள் பக்கம் திருப்பி வைத்து, கையைக் கட்டிக்கொண்டு, செஞ்சு காட்டுங்க என்பாள். அவர்கள் செய்து முடிக்கும்வரை வாயைத் திறக்கமாட்டாள். எதிரே இருப்பவரின் விரல் தவறான பொத்தானுக்குப் போனாலும் தடுக்கமாட்டாள். வாய் ஆயிரம் சொல்லும், கை எங்கே போகிறதோ அதுதான் சாட்சி என்பது அவள் கட்சி.

இந்தப் பழக்கம் அவளுக்குத் தன் அப்பாவால் வந்தது. அட்டைப்பெட்டி ஆலையில் வெட்டும் இயந்திரத்தில் நின்றவர் அவர். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் வலது கையில் பெரிய கட்டோடு வீட்டுக்கு வந்தார். கட்டுக்குள் விரல்கள் குறைந்திருந்தன. ஆலையில் ஒரே சொல்லில் கதையை முடித்துவிட்டார்கள்: கவனக்குறைவு. அம்மா அழுதாள். சித்தப்பா விதி என்றார். அப்பாவும் தலையை ஆட்டிக்கொண்டார். இவள் மட்டும் விடாமல், எப்படி ஆச்சு, செஞ்சு காட்டுப்பா என்று நச்சரித்தாள். அவர் சாப்பாட்டு மேஜைமேல் இரண்டு தீப்பெட்டிகளை ஒட்டி வைத்தார். ஒன்று இயந்திரத்தை ஓட வைப்பது, மற்றது நிறுத்துவது. இரண்டும் ஒரே நிறமா என்று கேட்டாள். ஆமாம். ஒரே அளவா? ஆமாம். கேள்வி கேட்கக் கேட்க அவர் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து உட்கார்ந்தார். விதியை எழுதியவனைத் தேடிக்கொண்டு எங்கே போவது? இரண்டு பொத்தானையும் ஒட்டி வைத்தவனுக்கு முகவரி உண்டு. அந்த வித்தியாசம் அன்றைக்கு அவள் மண்டையில் ஏறியது, இன்னும் இறங்கவில்லை. மின்னியலில் டிப்ளமோ முடித்தாள். கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தாள். கல்யாணப் பேச்சுக்கு வந்தவரிடம் தேநீர் போடத் தெரியுமா என்று கேட்டு, செய்து காட்டச் சொல்லி, அதன் பிறகுதான் சம்மதித்தாள் என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். அவள் மறுத்ததில்லை.

மையத்தில் அவளுக்கு ஒரு நிரந்தரச் சண்டை உண்டு. கணினியில் ஒரு புகாரை மூட வேண்டுமென்றால் காரணம் சொல்லியாக வேண்டும். திரையைத் திறந்ததுமே ‘பயன்படுத்தியவரின் தவறு’ என்ற காரணம் தானாகவே தேர்வாகி உட்கார்ந்திருக்கும். வேறு காரணம் போட வேண்டுமானால் தேடி எடுத்து, விளக்கம் எழுதி, மேலாளரின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். வேலை குவிந்து கிடக்கிற ஊழியர்கள் என்ன செய்வார்கள்? சரி என்று தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். வருஷக் கடைசியில் அதையெல்லாம் கூட்டிப் பார்த்து, சாமான் பிரமாதம், ஜனங்களுக்குத்தான் உபயோகிக்கத் தெரியவில்லை என்று மேலிடத்தில் கைதட்டுவார்கள். யாரும் வேண்டுமென்று பொய் எழுதவில்லை. பொய் தானாக எழுதிக்கொள்ளும்படி ஒரு திரையை வரைந்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இப்படி இருக்கையில்தான் ஒரு காலைப்பொழுது பஸ் டிரைவர் வந்தார்.

ஓய்வு பெற்ற டிரைவர். கூட வந்த மகள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள், இவர் பின்னால் வெறுங்கையோடு வந்தார். கண்ணாடிப் பரப்பு கொண்ட மின்சார அடுப்பு அது. திருகுவதற்குக் குமிழ் எதுவும் கிடையாது. கண்ணாடியின் முன்பக்கத்தில் இடது ஓரத்திலிருந்து வலப்பக்கமாக விரலை ஒரே இழுப்பாக இழுத்தால் அடுப்பு பற்றிக்கொள்ளும். ‘ஒரே விரல், ஒரே நொடி’ என்று விளம்பரத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே இழுப்பாள்.

மகள்தான் பேசினாள். அம்மா போன பிறகு அப்பா தனியாக இருக்கிறார். சமையல் செய்துவிட்டு அடுப்பை அணைக்காமல் வெளியே போய்விடுகிறார். ஒரு தடவை, இரண்டு தடவை என்றால் பரவாயில்லை, தொடர்ந்து நடக்கிறது. போன வாரம் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் கூடை உருகி, வீடு முழுக்கப் புகை. எதிர்வீட்டுக்காரர் கதவை உடைக்காத குறை. மருத்துவரிடம் காட்டியதில், வயதாகிறது, ஞாபகமறதி இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்து அவரைத் தன்னோடு கூட்டிப் போகப் போகிறாள். அதற்கு முன் அடுப்பில் கோளாறு ஏதும் இல்லை என்று தெரிந்துகொண்டால் மனசு ஆறும் என்று வந்திருக்கிறாள். அவள் கெட்டவள் அல்ல, பயந்துபோயிருந்தாள்.

“நீங்க என்ன சொல்றீங்க ஐயா?” என்று அக்கா அவரைக் கேட்டாள்.

அவர் தரையைப் பார்த்தபடி, “அணைச்ச மாதிரிதான் இருக்கு. ஆனா எரியுதே, அப்ப அணைக்கலன்னுதானே அர்த்தம்” என்றார். வாழ்நாள் முழுக்க ஒரு சைக்கிள்காரனைக்கூட உரசாமல் வண்டி ஓட்டியவர், இப்போது ஸ்கூட்டரைக்கூடத் தொடுவதில்லை என்று மகள் சொன்னாள். சாவி அவள் கைப்பையில் இருந்தது. அவரே கொடுத்துவிட்டாராம்.

அக்கா அடுப்பை அவர் பக்கம் திருப்பினாள். அவர் செய்து காட்டினார். இழுத்தார், எரிந்தது. தண்ணீர் வைத்தார், கொதித்தது. அணைக்கும் இடத்தில் விரலை வைத்தார், அணைந்தது. மறுபடி செய்யச் சொன்னாள். மறுபடியும் பிசகில்லை. அணைத்த பிறகு அவர் வலது கை மேஜைமேல் எதையோ தேடியது. இங்கும் அங்கும் அலைந்தது. எதுவும் அகப்படாமல் சும்மா தொங்கிவிட்டது. அதை அவள் பார்த்தாள், ஆனால் அப்போது ஒன்றும் பிடிபடவில்லை.

மேலாளர் எட்டிப் பார்த்தார். அவர் சாதுவான மனிதர், புகார்கள் மூடப்படாமல் கிடந்தால் மட்டும் மேஜை மேஜையாகச் சுற்றி வருவார். “அடுப்பு நல்லாத்தானே இருக்கு மேடம், மூடிடுங்களேன்” என்றார். மூட மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். காரணம் கேட்டதற்கு, ஐயாவின் கை வேலையை முடிக்கவில்லை என்றாள். மேலாளர் நெற்றியைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டில் அவள் கணவர் சமைத்து முடித்தார். அடுப்பை அணைத்தார், துணியை நனைத்துப் பிழிந்தார், மேடையைத் துடைத்தார், அடுப்பைத் துடைத்தார், துணியை உதறி ஆணியில் மாட்டினார். பார்த்துக்கொண்டே நின்றவள் கையில் இருந்த தேநீரைக் குடிக்க மறந்தாள். மையத்தில் எல்லாருக்கும் அடுப்பை அணைத்தால் வேலை முடிந்தது. சோதிப்பார்கள், அணைப்பார்கள், தள்ளி வைப்பார்கள். அங்கே ஒருவரும் ஒரு நாளும் அடுப்பைத் துடைத்ததில்லை. அவளும் துடைத்ததில்லை. சமைக்கிறவனுக்கு இடத்தைத் துடைத்தால்தானே வேலை முடியும்!

மறுநாள் டிரைவரின் மகளைக் கூப்பிட்டு, அடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னாள். தானும் போனாள். சின்னச் சமையலறை. ஜன்னல் அடுப்புக்கு நேர் எதிரே இருந்ததால் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுக் கண் கூசியது. டிரைவர் தேநீர் போட்டார். பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கு என்றார். கோப்பைகளில் ஊற்றினார், அடுப்பை அணைத்தார். கண்ணாடியில் ஒளிர்ந்த எண்கள் அணைந்ததை இரண்டு பெண்களும் பார்த்தார்கள். மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அக்கா கண்ணாலேயே அடக்கினாள்.

அவர் துணியை எடுத்து நனைத்தார், பிழிந்தார். மேடையைத் துடைத்தார். கடைசியாக அடுப்பு. பஸ்ஸின் முன்கண்ணாடியைக் காலைதோறும் துடைத்துப் பழகிய கை அது. இடது ஓரத்தில் வைத்து, அழுத்தி, நிறுத்தாமல், வலது ஓரம்வரை ஒரே இழுப்பு. துணியைக் குழாய்மேல் போட்டுவிட்டுத் திரும்பினார்.

கீச் என்று மெல்லிய ஒரு சத்தம். பெண்கள் இருவருக்கும் கேட்டது. காலமெல்லாம் என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காதுக்கு அது எட்டவில்லை. அவர் முதுகைக் காட்டியபடி கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், வெயில் பட்ட கண்ணாடிக்கு அடியில், அடுப்பு மெல்லச் சிவந்தது.

கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டது.

“அப்பா,” என்றாள் மகள்.

அவர் திரும்பினார், பார்த்தார். “நான் அணைச்சேனே?”

“அணைச்சீங்க ஐயா.”

“நீங்க பாத்தீங்கல்ல?”

“நானும் பாத்தேன், உங்க பொண்ணும் பாத்தாங்க. நீங்க அணைச்சீங்க. துணி பத்த வச்சுது.”

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். மகளால் நம்ப முடியவில்லை. தானும் இங்கே எத்தனையோ தடவை துடைத்திருக்கிறாளே! அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, துடைச்சுக் காட்டுங்க என்றாள். மகள் துணியை எடுத்து வட்டவட்டமாகத் தேய்த்தாள், ஒன்றும் ஆகவில்லை. அப்பா துடைத்தமாதிரி என்று அக்கா சொன்னதும் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு இழுத்தாள். கீச். அவள் துணியைக் கீழே போட்டுவிட்டாள்.

“அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல,” என்றார் டிரைவர், யாரிடம் என்றில்லாமல். பிறகு, “காது மட்டும் போயிருக்கு போல.”

“காது போய் ரொம்ப நாளாச்சுப்பா. அம்மா இருக்கும்போதே போச்சு.”

“அது நானா அனுப்பி வச்சது,” என்றார் அவர். மகள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அழுதுவிட்டாள். அவளைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, விடு கண்ணு, நீ என்ன பண்ணுவ, எனக்கே என்மேல நம்பிக்கை போச்சே என்றார்.

நிறுவனத்தில் பிறகு நடந்த கூத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். ‘வடிவமைப்பின் தவறு’ என்று ஒரு காரணமே கணினியில் கிடையாது. ‘இதர’ என்ற பெட்டியில் அவள் அதைத் தட்டச்சு செய்தாள். மேலாளருக்கு முகத்தில் ஈயாடவில்லை. மையத்தில் கிடந்த அடுப்புகளையெல்லாம் மேஜையில் வரிசையாக வைத்து, கையில் ஈரத்துணியைக் கொடுத்து, நீங்களே துடைச்சுப் பாருங்க என்றாள். மூன்றாவது அடுப்பு சிவந்ததும் அவர் ஒப்புதல் கொடுத்தார். மேலிடத்திலிருந்து பதில் வந்தது. ‘ஈரத்துணியால் துடைக்காதீர்கள்’ என்று அச்சடித்த ஸ்டிக்கர்கள் கட்டுக்கட்டாக வந்தன. அடுப்பைத் துடைக்காதே என்று சொல்கிறவன் தன் வாழ்நாளில் ஒரு தடவையாவது பால் பொங்கி வழியப் பார்த்திருப்பானா? பழியைத் திரும்பவும் துடைக்கிற கையிலேயே ஒட்டப் பார்த்தார்கள். அவள் ஒன்றைக்கூட ஒட்டவில்லை. ஒரு கட்டு இன்றும் அவள் மேஜையின் ஆடும் காலுக்கு அடியில் முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. வந்த அடுப்பையெல்லாம் துடைத்துக் காட்டி, ‘இதர’ பெட்டியில் அதே வார்த்தைகளைத் தட்டிக்கொண்டேயிருந்தாள். பார்த்த மற்ற ஊழியர்களும் தட்ட ஆரம்பித்தார்கள். அடுத்து வந்த அடுப்பில் குமிழ் இருந்தது.

அன்றைக்கு அந்தச் சமையலறையில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. அடுப்பின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, ஆறிப்போன தேநீரை மூன்று பேரும் குடித்தார்கள். மையத்துக்கு நேரமாகிறது என்று அக்கா எழுந்தாள். ஆட்டோ கிடைக்குமா என்று கேட்டாள்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். கைப்பையைத் திறந்து கொஞ்ச நேரம் துழாவினாள். ஸ்கூட்டர் சாவியை எடுத்து அவர் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்யும் பேச்சு அதோடு முடிந்தது.

அவர் சாவியை எடுத்தார். கீழே கிடந்த துணியை எடுத்து அலசிப் பிழிந்து கையோடு கொண்டுபோனார். வாசலில் தூசி படிந்து நின்ற ஸ்கூட்டரின் கண்ணாடியை இடமிருந்து வலமாக ஒரே இழுப்பில் துடைத்தார்.

“இது பத்திக்காதுல்ல?” என்று அக்காவைக் கேட்டார்.

“ஓட்டிக் காட்டுங்க,” என்று அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.