கஷாயம் குணமாக்கியது என்று நினைத்தேன்

திருக்கோகர்ணத்தில் பஸ் போகும் சாலையோரம் எங்கள் வீடு. எனக்குப் பல வருடமாக வீசிங் உண்டு. கொரோனா ஊரடங்கில் பஸ்கள் நின்றதும் இரைப்பும் நின்றது. தினமும் குடித்த கபசுரக் குடிநீர்தான் குணமாக்கியது என்று நம்பி, டாக்டரைக் கேட்காமல் இன்ஹேலரை நிறுத்திவிட்டேன்.

பஸ்கள் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு ஒருநாள், நிறுத்தத்தில் புகை பட்டு மூச்சு அடைத்தது. யாரையும் கூப்பிடக் கூச்சப்பட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆட்டோக்காரர் ஒருவர் பார்த்துவிட்டார்.

“என்னக்கா, மூச்சு முட்டுதா? வாயத் தொறந்து சொல்ல மாட்டீங்களா? ஏறுங்க!”

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். கஷாயக் கதையைக் கேட்ட டாக்டர் சிரித்தார். “அப்ப ரோட்டுல வண்டி ஓடுச்சாம்மா?”

புகையில்லாத காற்றுதான் என்னை நன்றாக வைத்திருந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

இப்போது சுகமாக இருக்கும் நாளிலும் மருந்தை விடுவதில்லை. வெளியில் மூச்சு இரைத்தால், எத்தனை பேர் பார்த்தாலும் அங்கேயே இன்ஹேலரை எடுத்துவிடுகிறேன்.