பிடுங்கிய பலகை

அப்பா இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. சாலைப் பலகைகளை நிறத்தையும் வடிவத்தையும் வைத்தே அறிவார். ஒரு விபத்துகூட இல்லை. போன வருடம் கம்பெனி எல்லா பஸ்ஸிலும் ஒரு போனை மாட்டியது. முன்னால் வரும் பலகையை அது வாய்விட்டுச் சொல்லும். சொன்னபடி வேகத்தைக் குறைக்காவிட்டால் மேலதிகாரியிடம் போட்டுக்கொடுக்கும்.

பாலத்துக்கு முன்னால், “பள்ளிக்கூடம், மெதுவாகச் செல்லவும்” என்று தினமும் சொன்னது. பள்ளியை இடித்து, பலகையையும் பிடுங்கி இரண்டு வருடமாகிறது. அப்பா மகளிடம் முறையிட்டார். வீட்டின் முதல் பட்டதாரி அவள். படங்களைப் பார்த்து அந்தப் போனுக்குப் பலகைகளைக் குறித்துக் கொடுப்பதுதான் அவள் வேலை.

“போன் தப்பா சொல்லாதுப்பா. உங்களுக்குத்தான் கண்ணு மங்கிடுச்சு.”

அங்கே வேகத்தைக் குறைக்கவில்லை என்று போன் கொடுத்த மூன்று புகார் சேர்ந்ததும் அவரை பஸ் கழுவ அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம்தான் அவள் அந்த இடத்தின் படத்தைத் தேடினாள். படம் பழையது. குறித்ததும் அவளே. போனிலிருந்து அந்தப் பலகையை நீக்கினாள்; ஆனால் புகார்களை நீக்க அவளுக்கு அதிகாரமில்லை.

“அப்பா, அதைப் போட்டது நான்தான். இப்ப எடுத்துட்டேன்.”

அவர் ஈரக் கால்சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

“நல்லதும்மா. என் இடத்துல ஓட்டுறவனாவது பேச்சு வாங்காம போகட்டும்.”