காற்றுக்குச் சுங்கம் கேட்ட நாள்

போன வருடம், ஓஸ்லோவில் வீதியோரப் பனி கறுத்துக் கரைந்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். வெளிநாட்டுத் தூதரகம் ஒன்றுக்கு முன்னால், நெஞ்சில் காட்போட் மட்டையில் செய்த அதிகாரிச் சின்னத்தைக் குத்திக்கொண்டு, போகிற வருகிற ஆட்களை மறித்துக் காற்றுக்குச் சுங்கம் கேட்டுக்கொண்டு நின்றேன். வயது ஐம்பத்தாறு. பேரப்பிள்ளை கண்டவன். இந்த வயதில் உனக்கு வேறு வேலை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். என்ர மனுசியும் அதைத்தான் கேட்டவ.

விசயம் இதுதான். பக்கத்து நாடு எங்கள் எல்லைக்குக் கிட்ட ஓர் அணு உலை கட்டப் போவதாகக் கதை அடிபட்டது. எந்த நாடு என்று சொல்லமாட்டேன். மலிவாக இறைச்சி வாங்குவதற்காக நோர்வேச் சனம் சனிக்கிழமைகளில் கார் பிடித்துப் போகிற நாடு என்றால் விளங்கும். நானும் போகிறவன்தான். எங்கள் மண்ணில் எங்கள் மின்சாரத்துக்குக் கட்டுகிறோம், உங்களுக்கென்ன என்று அவர்கள் கேட்கிறார்கள். மின்சாரம் உங்களுக்கு, ஏதும் பிழைத்தால் காற்று மட்டும் எங்களுக்கோ என்று இங்குள்ளவர்கள் கேட்கிறார்கள். நான் குடியிருக்கும் பியோர்ண்டால், ஓஸ்லோ நகரத்தின் தெற்கு விளிம்பு. அந்தப் பக்கக் காற்று வந்தால் அரண்மனைக் கொடியை ஆட்ட முதல் எங்கட பல்கனியில் காய்கிற என் சாரத்தைத்தான் ஆட்டும்.

இதை எதிர்க்க எங்கள் குடியிருப்பில் ஒரு சின்னக் குழு சேர்ந்தது. அதன் தலைவர் ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர், நோர்வேஜியர். அவர் மினக்கெட்டு எழுதிய துண்டுப் பிரசுரத்தை ஒருத்தரும் வாசிக்கவில்லை. கூட்டத்தில் நான் சும்மா வாயை வைத்தேன். எல்லை தாண்டி இறைச்சி கொண்டுவந்தால் ஆளுக்கு இவ்வளவுதான் என்று நிறுக்கிறீர்கள், காற்று மட்டும் ஏன் சும்மா வருகிறது, அதற்கும் ஒரு சுங்கச் சாவடி போடுவோம் என்றேன். பகிடிக்குச் சொன்னது. நோர்வேஜியரிடம் பகிடியைக் கவனமாகச் சொல்ல வேண்டும். உடனே குழு அமைத்து நிறைவேற்றிவிடுவார்கள். அடுத்த கிழமையே மேசை, சிவப்பு வழி, பச்சை வழி எல்லாம் தயார். நான் பஸ் சாரதி என்பதால் என் பழைய சீருடை ஜக்கெற்றே சுங்க அதிகாரியின் உடுப்பானது. ஆசிரியர் தன்னிடமிருந்த, கதிர்வீச்சை அளக்கிற உண்மையான கருவியையும் கொண்டுவருவதாகச் சொன்னார்.

அதே கிழமை இன்னொரு விசயமும் நடந்தது. சில நாளாகப் படி ஏறினால் என் நெஞ்சுக்குள் ஒரு பிடிப்பு. வைத்தியர் ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். மனுசிக்குச் சொல்லவில்லை. அவவின் அண்ணன் வாசலில் பனி வழித்துக்கொண்டு நின்றபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். பிறகு எழும்பவேயில்லை. அன்றிலிருந்து நான் நித்திரையில் இருமினாலும் அவ எழும்பியிருந்து என்னைப் பார்ப்பா. அதனால் வியாழக்கிழமை, குறொன்லாண்டுக் கடைத்தெருவுக்கு முருங்கைக்காய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஊசி போட்டார்கள். ஒரு மெசினுக்குக் கீழே படுக்க வைத்தார்கள். பயம் வந்தால் எனக்கு வாய் கூடும். தாதி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தா, நான் அவவைச் சிரிக்கவைப்பதிலேயே குறியாக இருந்தேன். இரண்டு தரம் சிரித்தா. வெற்றியோடு வெளியே வந்து, பொய் பொய்யாகிவிடக்கூடாது என்று முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அன்று பின்னேரம் மகள் குழந்தையோடு வந்திருந்தாள். மூன்று மாதப் பேரன் சாப்பாட்டு நேரம் வரைக்கும் என் நெஞ்சில் குப்புறப் படுத்து நித்திரை கொண்டான்.

மறுநாள் சாவடி நல்லாகவே ஓடியது. மேசையின் அந்தத் தலைப்பில் ஆசிரியர் கருவியோடு நின்றார். இந்தத் தலைப்பில் நான். வருகிறவரிடம், இப்போது இழுத்த மூச்சில் எல்லை தாண்டிய காற்று எவ்வளவு, சொந்தப் பாவனைக்கா விற்பனைக்கா என்று கடுமையான முகத்தோடு கேட்பேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பத்திரிகையிலிருந்து ஒரு பெண் பிள்ளை வந்து படம் எடுத்தாள். வேலை முடிந்து வந்த மனுசி, குழுவுக்கென்று பொரித்த றோல்ஸ் பெட்டியோடு ஓரமாக நின்றா. அந்த நாட்டுத் தூதரகத்திலிருந்தே ஒருவர், கோட்டும் சூட்டுமாக இறங்கி வந்து, தன்னையும் சோதிக்கச் சொல்லிக் கையை உயர்த்தினார். ஆசிரியர் கருவியைப் பிடித்தார். ஒழுகுகிற பைப் மாதிரி அது டிக்… டிக்… என்றது. வழமையான சத்தம்தான், ஆள் சுத்தம் என்றார் ஆசிரியர். கூட்டம் கை தட்டியது.

பிறகு ஆசிரியர் கோப்பி ஊற்றப் போனார். போகிற போக்கில் கருவியை என் கழுத்தில் மாட்டிவிட்டார்.

கொதித்த எண்ணெயில் கடுகைப் போட்டால் எப்படி வெடிக்கும்? அந்தச் சத்தம்.

கூட்டம் இன்னும் பலமாகக் கை தட்டியது. நானும் சரணடைகிற மாதிரி இரண்டு கையையும் தூக்கினேன். ஆசிரியரின் சேட்டை என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அந்த மனுசனின் முகத்தில் இரத்தம் இல்லை. கோப்பி கோப்பை நிறைந்து மேசையில் வழிந்துகொண்டிருந்தது.

எனக்கு உடனே வந்த யோசனையை இங்கே எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அங்கே வெடித்துவிட்டது, காற்று வந்துவிட்டது என்று நினைத்தேன். இன்னும் கட்டவே தொடங்காத உலை வெடித்துவிட்டது என்று நம்பிய ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். எல்லாரும் உள்ளுக்குப் போங்கோ, வாயை மூடுங்கோ என்று கத்தினேன். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பகிடிக்காரனுக்கு ஒரு சாபம் இருக்கிறது, உண்மையாகக் கத்தினாலும் ஆரும் நம்பமாட்டார்கள். பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் என்று நேர்ந்தேன். குறொன்லாண்டில் தேங்காய் விற்கிற விலை ஞாபகம் வர, அந்த நிலையிலும் பதினொன்றாகக் குறைத்தேன். நோர்வேஜிய மொழி எப்போது கைவிட்டதோ தெரியாது, தமிழில் புலம்பிக்கொண்டிருந்தேன். முழுக் கூட்டத்திலும் மனுசி ஒருத்திதான் சிரிக்கவில்லை. றோல்ஸ் பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டு ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தா.

ஆசிரியர் கருவியைக் கழற்றி மேசைக்குப் பிடித்தார், நிலத்துக்குப் பிடித்தார், காற்றுக்குப் பிடித்தார். டிக்… டிக்… மட்டும்தான். என் பக்கம் கொண்டுவந்து, கற்பூரத் தட்டுக் காட்டுகிற மாதிரி தலையிலிருந்து கால்வரை காட்டினார். திரும்பவும் கடுகு. காற்றில் ஒன்றும் இல்லை, தூதரகத்துக்காரரில் ஒன்றும் இல்லை. சுங்க அதிகாரியில்தான் இருந்தது.

இப்போது சிரிப்பு நின்றுவிட்டது. முன்னால் நின்றவர்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னுக்குப் போனார்கள். முன்னுக்கு வந்தது ஒரே ஓர் ஆள், அந்தத் தூதரகத்துக்காரர். உள்ளேயிருந்து ஒரு கதிரையும் தண்ணீரும் கொண்டுவந்து என்னை இருத்தினார். பக்கத்தில் குந்திக்கொண்டு மெல்லிய குரலில், அண்மையில் ஆஸ்பத்திரியில் ஏதும் பரிசோதனை செய்தீர்களா என்று கேட்டார். தன் தகப்பனுக்கு இருதயப் பரிசோதனைக்கு ஊசி போட்ட மறுநாள், விமான நிலையத்தில் இப்படித்தான் மணி அடித்ததாம்.

மெல்லக் கேட்டார்தான். ஆனால் மனுசி எனக்குப் பின்னால் நின்றா.

"என்ன ஆஸ்பத்திரி? நேற்று முருங்கைக்காய் வாங்கப் போனதெண்டெல்லோ சொன்னியள்?"

"வாங்கினனான்தானே" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, தாதியின் குரல் காதுக்குள் கேட்டது. இண்டைக்கு முழுக்கச் சின்னப் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் கனநேரம் கிட்ட வைத்திருக்க வேண்டாம் என்று அவ சொன்னவ. அதற்கு நான், அப்ப இரவில் லைட் போடத் தேவையில்லையோ என்று கேட்டேன். அதற்குத்தான் அவ சிரித்தவ. நானும் சேர்ந்து சிரித்தேன்.

"பிள்ளை," என்றேன். "நேற்று என்ர நெஞ்சில படுத்தவன்."

அதுவரை எனக்கு வந்ததெல்லாம் பயமே இல்லை. இதுதான் பயம். கையிலிருந்த தண்ணீர் மடியில் ஊற்றியதுகூடத் தெரியவில்லை. மனுசி என் ஜக்கெற் பொக்கற்றில் கைவிட்டுப் போனை எடுத்து, ஆஸ்பத்திரிக்கு அடித்தா. நான் மறைத்த இருதயத்தின் கதை முழுவதையும், தூதரக வாசலில் நின்று, ஆரோ ஒரு தாதியிடமிருந்து கேட்டு அறிந்தா. பிறகு குழந்தையைப் பற்றிக் கேட்டா. ஊசியில் போன கதிரியக்க மருந்து மிகச் சிறிய அளவு, தள்ளி இருக்கச் சொல்வது ஒரு முற்காப்புக்குத்தான், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, ஒன்றும் செய்யவும் தேவையில்லை என்று பதில் வந்தது. மனுசி அதே கேள்வியை இன்னொரு தரம் கேட்டா. பிறகு ஆசிரியர் போனை வாங்கித் தானும் ஒருக்கால் கேட்டார்.

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க ஒரு பகிடி விட்டேன், கறன்ற் பில் மிச்சம் என்றோ என்னவோ. அவ சிரிக்கவில்லை.

"முப்பது வருசமா பகிடியெல்லாம் என்னட்டைத்தான் கொண்டாறியள்," என்றா. "பயத்தை ஆரிட்டைக் குடுக்கிறதா இருந்தனீங்கள்?"

தூதரகத்துக்காரருக்குத் தமிழ் தெரியாது, என்றாலும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். போகும்போது மனுசி அவருக்கு நாலு றோல்ஸ் சுற்றிக் கொடுத்தா.

பத்திரிகையில் நான் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற படம் வந்தது. நல்ல நடிப்பு என்று பலர் இன்றைக்கும் பாராட்டுகிறார்கள். உலைச் சண்டை முடியவில்லை. எங்கள் குழு இன்னும் கூடுகிறது, நானும் இன்னும் போகிறேன். என் இருதயத்தில் ஒரு குழாயில் அடைப்பு இருந்தது, சரிபண்ணிவிட்டார்கள். அந்த நாள் முழுக்க மனுசி ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தா.

இப்போதும் பயம் வந்தால் எனக்கு முதலில் பகிடிதான் வருகிறது. ஆனால் நான் சொல்லி முடித்த பிறகும் அவ சிரிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பா, நானும் மிச்சத்தைச் சொல்லிவிடுவேன்.