அணைக்கரைத் தியேட்டரில் நான் மட்டும்

அதிகம் படிக்காதவள் எழுத வந்துவிட்டேன், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வைகை அணைக்கரையில் இருந்த பழைய பெரிய தியேட்டரில், பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிப்பது என் வேலை. அணை நிறைந்தால் பால்கனிப் படியிலிருந்து தண்ணீர் கடல் மாதிரி தெரியும். வீட்டுக்கு வீடு டிவி வந்து கூட்டம் குறையவே, முதலாளி அதைக் குடோனுக்கு விலை பேசிவிட்டார். நான் கெஞ்சியதால், "வர்ற ஞாயித்துக்கிழமை மேட்னி நிறைஞ்சா விக்கல" என்றார். கூச்சத்தை விட்டு மயிலாடும்பாறை வரை வீடு வீடாகப் போய் அழைத்தேன். எல்லோரும் வருவதாகச் சொன்னார்கள்.

வருடக்கணக்கில் பெய்யாத மழை, சனிக்கிழமை ராத்திரி கொட்டித் தீர்த்தது. ஞாயிறு மதியம் வாசலில் ஒருவரும் இல்லை. மடியில் விதைக்கடலையோடு ஓடிய எங்கள் தெருச் செல்லத்தாயிடம், "என்னாடி, வாறேன்னு சொன்னியே!" என்று கத்தினேன்.

"கோவிச்சுக்காத ஆத்தா. படத்த நாளைக்குப் பாக்கலாம், ஈரம் நாளைக்கு நிக்குமா?"

முதலாளி கோபப்படவில்லை. "மழை பேஞ்சா விதைக்கத்தான போவாக. நீ ஒரு படமும் முழுசாப் பாத்ததில்லையே, போய் உக்காரு" என்று எனக்காக மட்டும் படத்தை ஓட்டச் சொன்னார். மறுபடி மழை பிடித்தது. தகரக் கூரைச் சத்தத்தில் ஒரு வசனமும் கேட்கவில்லை. அழுதேன். ஆனாலும் அந்த மழையை என்னால் திட்ட முடியவில்லை.

மறுநாள் தியேட்டரைப் பூட்டினார்கள். நான் செல்லத்தாய் காட்டில் கடலை ஊன்றக் கூலிக்குப் போனேன்.